பெரியசாமியைத் தேடிப் போனேன்



சென்ற இதழில், நம் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் ஏன் கசக்கிறது என்று எழுதியிருந்தேன். இம்முறை கணக்கை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காட்டுக்குப் போவோம். ஆனால் போன இடத்திலும் கணக்கு என்னை விடவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஒருத்தியாகக் காட்டுக்குப் போய் வந்தேன். ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் என் அம்மாவைப் போல, "இந்த டீச்சருக்கு வேறு வேலை இல்லையா?" என்றுதான் கேட்பீர்கள்.

நாலாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் 'யானை' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் வழக்கம் போல எழுதியிருந்தார்கள். யானை பெரிய விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு, அது கரும்பு தின்னும். ஒரு பையன் மட்டும் நாலே வரி எழுதியிருந்தான்.

"யானை கெட்ட மிருகம். அதனால் என் அப்பாவின் கால் உடைந்தது. எல்லா யானைகளையும் சுட வேண்டும். நன்றி."

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. 'நன்றி' என்று முடித்திருந்தான். அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவும் முடியவில்லை.

அவனுடைய அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். விடிவதற்கு முன்னே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவர், வளைவில் திரும்பியபோது பாதையின் நடுவில் யானை நின்றிருக்கிறது. பிரேக்கை அழுத்தினார், வண்டி சறுக்கியது, கால் வண்டியின் அடியில் மாட்டிக்கொண்டது. யானை அவரைத் தொடவே இல்லை. திரும்பி மரங்களுக்குள் போய்விட்டது. ஆனால் எலும்பு முறிந்தது முறிந்ததுதானே! குலை வெட்டுகிறவருக்குக் கால் இல்லையென்றால் கூலி இல்லை. அண்ணன்காரனின் டியூஷன் நின்றது. வீட்டுக்குப் பின்னால் அவன் அம்மா வைத்திருந்த வாழையையும் அதே வாரத்தில் யானை சாப்பிட்டுவிட்டது. பரீட்சைக்குப் போகும்போது பிள்ளையாருக்குக் கற்பூரம் ஏற்றுகிற பையன்தான் யானையைச் சுடச் சொல்கிறான். அவன்மேல் எப்படிக் கோபப்படுவது?

சிவப்புப் பேனாவை எடுத்து, "யானை கெட்ட மிருகம் அன்று" என்று ஓரத்தில் எழுத ஆரம்பித்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் யானையைப் பார்த்தது மிருகக்காட்சி சாலையிலும் கோயில் படத்திலும்தான். பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கி இருபது ஆண்டுகளாக 'காடு நமது செல்வம்' என்று பாடம் நடத்துகிறேன். நான் பிறந்தது காட்டோரத் தோட்டத்தில். கடைசி நிரைப் பால்மரம், அதைத் தாண்டி முனியாண்டி கோயில், அதற்கு அப்பால் காடு. அந்த முனியாண்டியைத் தாண்டி ஓர் அடி நான் வைத்ததில்லை. என் அப்பாவும் வைத்ததில்லை. காட்டை நம்மவர்கள் மூன்று தலைமுறையாகப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி வாழ்ந்திருக்கிறோம்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். எண்டாவ் ரொம்பின் காட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அந்தக் கட்டுரையைத் திருத்துவது.

துணைக்கு மூன்று ஆசிரியைகள் வருவதாகச் சொன்னார்கள். அட்டை கடிக்கும் என்றதும் ஒருவர் விலகினார். தொலைபேசி எடுக்காது என்றதும் இன்னொருவர். மூன்றாமவருக்கு மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. என் கணவர் தோட்டத்து லோரி ஓட்டுகிறார். குலை அதிகமாக வரும் மாதத்தில் அவருக்கு லீவு கிடையாது. "ஆசைப்பட்டுட்ட, போயிட்டு வா. பிள்ளையை நான் பாத்துக்கறேன்," என்றார் அவர். அம்மாதான் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள், "பொம்பளை தனியா காட்டுக்குப் போறது எந்த ஊர் வழக்கம்டி?" என்று கேட்டுக்கொண்டே பைக்குள் விபூதிப் பொட்டலத்தை வைத்தார்.

உண்மையைச் சொன்னால், அந்தக் காட்டில் யாரும் தனியாகச் சுற்ற முடியாது. அது ஜொகூர் மாநிலத்தின் தேசியப் பூங்கா. முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். போகும்போதும் வரும்போதும் பெயர் பதிவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மூடிவிடுவார்கள். இதையெல்லாம் எடுத்துச் சொன்ன பிறகுதான் அம்மாவுக்குப் பாதி உயிர் வந்தது.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகிற சாலையில் காஹாங் என்று ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. அங்கேயிருந்து நான்கு சக்கர விசை வண்டியில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மண் பாதை. வண்டியில் எனக்கு முன்பே நான்கு கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள், வாடகையைப் பகிர்ந்துகொண்டோம். காடு எப்போது வரும், எப்போது வரும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். இருபுறமும் வந்தது செம்பனை. பிறகும் செம்பனை. ஒரு மணி நேரம் ஆன பின்னும் செம்பனைதான்! மழைக்காட்டுக்குப் போகிற வழியில் பெரும்பகுதி நம்முடைய தோட்டமாகவே இருந்தது. யானை ஏன் நம் பக்கம் வருகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை எனக்கு அந்த வண்டியிலேயே கிடைத்துவிட்டது. அது நம் வீட்டுக்கு வரவில்லை. அதன் நடைபாதையில் நாம் நிரை பிடித்து மரம் நட்டிருக்கிறோம்.

பாதை முடிகிற இடம் கம்போங் பெத்தா. எண்டாவ் ஆற்றங்கரையில், ஜக்கூன் என்ற பூர்வகுடி மக்கள் வாழும் கிராமம் அது. பூங்கா அலுவலகமும் தங்கும் அறைகளும் அங்கேதான் இருக்கின்றன. எனக்குக் கிடைத்த வழிகாட்டி அந்தக் கிராமத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். அவர் எனக்குச் சொன்ன முதல் விதி, "சிக்கு, காட்டுக்குள்ளே 'காஜா' என்று சொல்லாதீர்கள். 'ஓராங் பெசார்' என்று சொல்லுங்கள்." பெரிய மனிதர் என்று அர்த்தம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தோட்டத்துப் பாட்டிமார்களும் விளக்கு வைத்த பிறகு 'யானை' என்று சொல்ல மாட்டார்கள், 'பெரியசாமி' என்பார்கள். காட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வாழ்கிற இரண்டு ஏழை சனங்கள் ஒரே பயத்துக்கு ஒரே மரியாதை கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஆற்றின் மேல் பனிப்புகை விலகும் முன்னே கிளம்பினோம். எங்கோ உயரத்திலிருந்து 'ஊ... ஊ...' என்று ஊங்காக் குரங்குகள் பாட ஆரம்பித்தன. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற பாட்டு அது. "இது எங்கள் எல்லை" என்று பக்கத்துக் குடும்பத்துக்கு அறிவிக்கிறதாம். காடு என்றால் மிருகங்கள் வரிசையாக நிற்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மழைக்காட்டில் கண்ணுக்கு வேலை குறைவு. காதுக்கும் மூக்குக்கும்தான் வேலை. முதல் இரண்டு மணி நேரத்தில் நான் கண்ணால் கண்ட ஒரே வனவிலங்கு அட்டை. அதுவும் என் காலில்!

பிறகு தலைக்கு மேலே புகைவண்டி போவது போல 'புஸ், புஸ்' என்று சத்தம். இருவாட்சிப் பறவை. அதன் சிறகடிப்புத்தான் அப்படிக் கேட்கிறது. அலகின் மேலே கொம்பு போல இன்னொரு மூக்கு வைத்தாற்போல் இருக்கும். பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். ஒரு சிறு பிளவு வழியாக ஆண் பறவை வாரக்கணக்கில் உணவு கொண்டுவந்து ஊட்டும். ஆண் பறவைக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருக்கும் குடும்பமே பட்டினி. இதைக் கேட்டதும், காலை மடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் குலை வெட்டுகிறவர் நினைவுதான் வந்தது.

இருவாட்சியிலே இன்னொரு வகை, தலைக்கவச இருவாட்சி. அது முதலில் 'டொக்... டொக்...' என்று மரம் வெட்டுவது போல மெதுவாகக் கூவும். வரவரக் கூவல் விரைவாகி, கடைசியில் கடகடவென்று சிரிப்பில் முடியும். மலாய்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'தெபாங் மெந்துவா'. மாமியார் வீட்டுத் தூண்களை மருமகன் கோடரியால் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்தானாம். அவன்தான் இந்தப் பறவையாகப் பிறந்தானாம். மாமியார்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். கதையை நான் கட்டவில்லை!

கோலா ஜாசின் என்ற இடத்தில் ஜாசின் ஆறு எண்டாவ் ஆற்றோடு கலக்கிறது. அங்கிருந்து நடந்தால் உப்பே குலிங் அருவி. ஓடும் நீரும் கூழாங்கற்களும் காலங்காலமாகச் சுழன்று சுழன்று, பாறையில் குளியல் தொட்டி போலக் குழிகள் குடைந்திருக்கின்றன. அதற்கும் மேலே பல மணி நேரம் நடந்தால் புவாயா சங்குட் என்ற பேரருவி. 'சிக்கிக்கொண்ட முதலை' என்று அர்த்தம். என் கால் அவ்வளவு தூரம் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியதும் அருவி அல்ல.

எனக்கு வேண்டியது அன்று பிற்பகல், ஆற்றோரச் சேற்றில் கிடந்தது. சோற்றுப் பானையைக் கவிழ்த்து அழுத்தியது போல ஒரு வட்டத் தடம்.

வழிகாட்டி குனிந்தார். கொடி ஒன்றை அறுத்து அந்தத் தடத்தைச் சுற்றி வளைத்து, முனையைக் கிள்ளினார். அதே நீளத்துக்கு இன்னொரு மடங்கு சேர்த்துத் தன் உடம்போடு நிமிர்த்திப் பிடித்தார். கொடியின் முனை அவர் தலைக்கு மேலே நின்றது. "தோள்பட்டை இவ்வளவு உயரம்," என்றார்.

முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் யானையின் தோள் உயரம், ஏறக்குறையக் கிடைத்துவிடும். முன்னங்கால் தடம் வட்டமாக இருக்கும், பின்னங்கால் தடம் நீள்வட்டமாக இருக்கும். வட்டமானதைத்தான் அளக்க வேண்டும். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதித்திராத மனிதர், நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதி அழிக்கிற சுற்றளவுப் பாடத்தை ஒரு கொடியை வைத்து முடித்துவிட்டார்.

கொஞ்சம் தள்ளிச் சாணம் கிடந்தது. குச்சியால் பிளந்து காட்டினார். நாரும் தண்டுமாக இருந்தது. அதற்குள்ளே கறுத்த கொட்டைகள். நான் தோட்டத்தில் பிறந்தவள். அது என்னவென்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்பனைக் கொட்டை! பூங்காவின் நடுவில் நின்றுகொண்டு, நம் நிரையிலிருந்து போன கொட்டையைப் பார்க்கிறேன். வரைபடத்தில் நாம் போட்ட கோடு பெரியசாமிக்குத் தெரியாது. நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும் அந்த உடம்புக்கு. இளம் செம்பனைக் குருத்து அதற்குக் கரும்பு மாதிரி.

"எப்போது போயிருக்கும்?" என்று கேட்டேன்.

"நேற்று இரவு. இன்று இரவு இந்தப் பக்கம் இருக்கலாம்," என்றவர், உடனே வந்த வழியே திரும்பினார். பார்க்க வேண்டும் என்று அவ்வளவு தூரம் வந்தவள், அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு ஓடாத குறையாக நடந்தேன்.

அன்று இரவு ஆற்றுக்கு அப்பால் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு நெடுநேரம் மௌனம், பிறகு இன்னொன்று. யானைகள் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று படித்திருக்கிறேன். நெஞ்சுக்குள்ளே ஏதோ அதிர்ந்தது. அது அந்த ஒலியா, என் பயமா என்று சொல்ல முடியாது. போர்வைக்குள் சுருண்டு படுத்துக்கொண்டேன். ஓர் ஆறு இடையே இருக்கும்போதே எனக்கு இந்த நடுக்கம் என்றால், இருட்டில் பத்தடி தூரத்தில் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் பிரேக்கை அழுத்தியதில் ஆச்சரியம் என்ன?

விடிந்ததும் வழிகாட்டியிடம் கேட்டேன்: "உங்கள் கிராமத்துக்கும் வருமா?" வரும் என்றார். அவருடைய மரவள்ளியையும் வாழையையும் தின்றிருக்கிறது. "கோபம் வராதா?" என்றேன். "வரும். ஆனால் தடத்தை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் இருட்டுவதற்குள் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்," என்றார்.

வாசகர்களே, அங்கேதான் நான் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டேன். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் குலை வெட்டுகிறவர் விழுவதற்கு முந்தின நாள் மாலை, என் கணவர் லோரியை நிறுத்திவிட்டு வந்து, "அந்தப் பக்கம் பாதையிலே பெரியசாமி காலடி கெடக்கு, புதுசு," என்று சொன்னார். நான் நோட்டுப் புத்தகங்கள் திருத்திக்கொண்டிருந்தேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தேன். அவர் குளிக்கப் போனார். அவ்வளவுதான். அந்தப் பையனின் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது லயம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

யானை கெட்ட மிருகமா என்று திருத்தப் போனவள் நான்.

*

வீடு திரும்பிய பிறகு அந்தக் காட்டைப் பற்றி நிறையப் படித்தேன். ஜொகூர் பக்கத்துப் பூங்கா மட்டும் சுமார் 49,000 ஹெக்டர். அதாவது ஒரு லட்சத்து இருபதாயிரம் ஏக்கர். பகாங் பக்கமும் அந்தக் காடு தொடர்கிறது. 1977-இல் பகாங் பகுதியில், காட்டின் மையத்திலேயே மரம் வெட்ட அனுமதி கொடுத்தார்கள். நாடெங்கும் மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள், பத்திரிகைகளுக்கு எழுதினார்கள், வெட்டுவது நிறுத்தப்பட்டது. 1985-86-இல் மலாயா இயற்கைச் சங்கம் விஞ்ஞானிகளையும் பொதுமக்களையும் அந்தக் காட்டுக்குள் அழைத்துப் போய், என்னவெல்லாம் இருக்கிறது என்று கணக்கெடுத்தது. ஜானிங் பாராட் என்ற மேட்டுநிலத்தில் நம் பனைமரத்தின் தங்கை போல ஒரு விசிறிப்பனை கூட்டமாக நிற்கிறது. அறிவியல் உலகுக்கு அது புதிய இனம் என்று 1987-இல் எண்டாவ் பெயரிலேயே பதிவானது. 1993-இல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவாக அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது. சாதாரண மக்கள் வாயைத் திறந்து சொன்னதால் பிழைத்த காடு அது.

சொல்லத் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. தீபகற்பத்தில் சுமத்ராக் காண்டாமிருகம் எஞ்சியிருந்த முக்கியமான இடங்களில் எண்டாவ் ரொம்பினும் ஒன்று. 2015-இல், மலேசியக் காடுகளில் அந்த இனம் அற்றுப்போய்விட்டது என்று அறிவித்தார்கள். பராமரிப்பில் இருந்த கடைசி ஒன்றும் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. நம் நாட்டுப் புலியும் இப்போது காட்டில் 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பு சொல்கிறது.

"பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. 1974 முதலே வனவிலங்கு இலாகா அதைச் செய்துவருகிறது. அதற்காக அசாமிலிருந்து பழக்கிய யானைகளைக்கூட வரவழைத்தார்கள். ஆனாலும் விடப்பட்ட யானைகளில் சில பழைய இடத்தைத் தேடித் திரும்பிவிடுகின்றன. சுடுவது பற்றிப் பேச்சே இல்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானை முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. ஆக, பெரியசாமியும் இருப்பார், நாமும் இருப்போம். பிறகு என்ன வழி?

வழி ஒன்று நம்முடைய தாய்நாட்டுத் தோட்டத்துக்காரர்களிடமே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆனைமலையின் மேலே வால்பாறை என்ற ஊர். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மேட்டுநிலம். நம்மைப் போலவே லயத்து வீடுகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர்கள். சுற்றிலும் காடு; யானைக் கூட்டங்கள் தேயிலை வழியாகத்தான் காட்டுக்குக் காடு போக வேண்டும். அங்கே இருட்டில் எதிர்பாராமல் யானைக்கு எதிரே போய் உயிரிழந்தவர்கள் பலர். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஆண்டுக்கணக்கில் யானைகளின் பின்னால் நடந்தார்கள். பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம் யானையின் கோபம் இல்லை, யானை இருப்பது தெரியாமல் போனதுதான் என்று கண்டார்கள்.

அதன்பின் அவர்கள் செய்தது எளிமையான காரியம். யானை நிற்கும் இடத்தை மாலையில் உள்ளூர்த் தொலைக்காட்சியில் தமிழில் ஓட விட்டார்கள். கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் செய்தி. முச்சந்திகளில் உயரமான கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். யானை ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால் விளக்கு மின்னும். அந்த விளக்கைத் தொலைபேசி வழியாக ஏற்றுகிறவர்களில் தொழிலாளர்களும் உண்டு. உயிரிழப்புகள் குறைந்தன. 2015-இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. பெத்தா கிராமத்து வழிகாட்டி சொன்னதும் வால்பாறையில் செய்ததும் ஒன்றுதான்: பார்த்தவர் சொல்லிவிட வேண்டும்.

*

பள்ளி திறந்த முதல் நாளே அந்தப் பையன் கேட்டான், "டீச்சர், யானை பாத்தீங்களா?"

"பாக்கலடா," என்றேன். முகம் வாடிப்போனான். அவனுக்காகவாவது ஒன்று எதிரே வந்திருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. ஆனால் கயிறு ஒன்றைக் கையில் கொடுத்து, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டத் தடம் போட்டேன். சுற்றளவு 110 சென்டிமீட்டர். அளந்தான், இரண்டால் பெருக்கினான், 220. சுவரில் அந்த உயரத்துக்குக் கோடு போட்டான். எட்டாமல் நாற்காலி மேல் ஏறித்தான் போட முடிந்தது. வகுப்பே அண்ணாந்து பார்த்தது. சுற்றளவு என்றால் முகத்தைச் சுளிக்கிற பிள்ளைகள், மறுநாள் முதல் கோழி, நாய், கிராணியாரின் பூட்ஸ் என்று கண்ட தடத்தையெல்லாம் அளக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த விதி யானைக்கு மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்பாரில்லை.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா ஊன்றுகோலோடு திண்ணையில் இருந்தார். முந்தின நாள் மாலை எனக்குத் தெரிந்திருந்ததை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நானும் போன வருஷம் ஒரு தடவை காலடி பாத்தேன் டீச்சர். எவன்கிட்டயும் சொல்லல," என்றார். "சொன்னா பயந்தாங்கொள்ளின்னு சிரிப்பானுங்கன்னு விட்டுட்டேன்." அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அந்தத் தேநீர் தொண்டையில் இறங்க நேரமானது.

இப்போது எங்கள் தோட்டத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. பெயர் 'பெரியசாமி'. என் கணவர், மண்டோர், குலை வெட்டுகிறவர்கள், காவல்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். காலடியோ சாணமோ யார் பார்த்தாலும், எந்த இடம், எத்தனை மணி என்று குரலிலே சொல்லி அனுப்ப வேண்டும். இன்று நம் தோட்டங்களில் பங்களாதேஷ், இந்தோனேசியாக்காரர்கள் பலர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்காக மலாயிலும் சொல்கிறோம். தொலைபேசி இல்லாதவர்களுக்காகப் பெரட்டுக் களத்துக் கம்பத்தில் ஒரு சிவப்புத் துணி. துணி பறந்தால் அன்று விடிந்த பிறகுதான் வேலைக்காட்டுக்குப் போவது. நிர்வாகத்தாரும் ஒத்துக்கொண்டார்கள். பெரிய காரியம் ஒன்றுமில்லை. ஒரு முழத் துணிதான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. யானையைக் கண்டால் கல்லெறியவோ, பட்டாசு கொளுத்தவோ, படம் பிடிக்க நெருங்கவோ பிள்ளைகளை விடாதீர்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகக் கூடாது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் தூரத்திலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், வந்த வழியே திரும்ப வேண்டும். வனவிலங்கு இலாகாவின் தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

காட்டைப் பார்க்க ஆசையுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. குளுவாங், மெர்சிங் பக்கத்தார் காஹாங் வழியாகப் பெத்தாவுக்குப் போகலாம். சிகாமட், லாபிஸ் பக்கத்தார் பெக்கோக் வழியாக, அருவிகள் நிறைந்த செலாய்க்குப் போகலாம். முழுக்கை சட்டை, நீளக் காலுறை, மாற்றுத் துணி, மருந்து, டார்ச் விளக்கு போதும். என்று போகிறீர்கள், என்று வருவீர்கள் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்டால், நான் போனேன், வந்தேன் என்பதுதான் என் பதில். துணை இல்லாமல் போனதால்தான் அந்த வழிகாட்டி சொன்னதை முழுதாகக் காதில் வாங்கினேன்.

அந்தக் கட்டுரையை நான் திருத்தவில்லை. மறுபடி எழுதச் சொன்னேன். இதோ அவன் எழுதியது:

"யானை பெரிய மிருகம். எங்கள் தோட்டத்துக்கு வந்த யானையின் உயரம் 2 மீட்டருக்கு மேல். எனக்கு யானையைப் பிடிக்காது. ஆனால் சுட வேண்டாம். அது வருவதைப் பார்த்தவர்கள் எல்லாரிடமும் சொல்ல வேண்டும். நன்றி."

நல்ல மதிப்பெண் போட்டேன். 'பிடிக்காது' என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் குறைக்கவில்லை. அவன் அப்பா இன்னும் நொண்டித்தான் நடக்கிறார்.

உங்கள் தோட்டத்தில் பெரியசாமி வருகிறாரா? வந்தால் ஒருவருக்கொருவர் எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்? எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.